வெங்காயம் முளைக்காமல் கதிர் எப்படித் தடுக்கிறது?

ஒரு பெரிய வெங்காயத்தை நெடுக்காக அரிந்து பாருங்கள். வேர் கிளம்பும் இடத்தில் தட்டுப் போல ஒரு கெட்டிப் பகுதி இருக்கும். அதுதான் வெங்காயத்தின் தண்டு. அதன் மேலே, நடு மடல்களுக்குள், கண்ணுக்குச் சரியாகப் பிடிபடாத வளர்நுனி பொதிந்திருக்கிறது. பச்சைக் குருத்து புறப்படுவது அங்கிருந்துதான். மகாராஷ்டிரத்தின் லாசல்கானில் பாபா அணு ஆராய்ச்சி மையம் அமைத்த 'கிருஷக்' நிலையத்தில், வெங்காயம் முளைக்காமலிருக்கக் கதிர் பாய்ச்சுகிறார்கள். கோபால்ட்-60 என்ற கதிரியக்க உலோகம் வீசும் காமா கதிர் வெங்காயம் முழுவதையும் ஊடுருவுகிறது. ஆனால் வேலை நடப்பது அந்த நுனியில் மட்டும்.

தேவையான அளவு 60 முதல் 90 கிரே. கிலோவுக்கு ஒரு ஜூல் ஆற்றல் என்பது ஒரு கிரே. 60 கிரே மொத்தமும் வெப்பமாக மாறினாலும் வெங்காயத்தின் சூடு ஒரு டிகிரியில் ஐம்பதில் ஒரு பங்குகூட ஏறாது. இவ்வளவு சொற்ப ஆற்றல் வளர்ச்சியையே நிறுத்துகிறது என்றால், அது விழும் இடம்தான் காரணம்.

கதிர் தட்டிவிடும் எலெக்ட்ரான்கள் டிஎன்ஏவை நேரடியாகவும் அறுக்கும். செல்லின் நீரை உடைத்து, அதில் பிறக்கும் ஹைட்ராக்சில் என்ற துடிப்பான துணுக்குகளைக் கொண்டும் அறுக்கும். டிஎன்ஏவின் இரண்டு இழைகளில் ஒன்று அறுந்தால் எதிர் இழையைப் பார்த்துச் செல் சரிசெய்துகொள்ளும். இரண்டும் ஒரே இடத்தில் அறுந்தால்தான் சிக்கல். மனித செல்லில் ஒரு கிரேக்கு ஏறக்குறைய 40 இரட்டை அறுப்புகள் விழுகின்றன. வெங்காயச் செல்லிலோ டிஎன்ஏ நம்முடையதைப் போல ஐந்து மடங்கு.

அறுப்பை உணர்ந்ததும் செல் பிரிவதை நிறுத்திப் பழுது பார்க்கிறது. நம் உடலில் பி53 புரதம் பார்க்கும் இந்தக் காவலைத் தாவரத்தில் எஸ்ஓஜி1 பார்க்கிறது. அவசரத்தில் முனைகள் மாறி ஒட்டினால், இரண்டு சென்ட்ரோமியர் (செல் பிரியும்போது பிடித்து இழுக்கப்படும் இடம்) கொண்ட குரோமோசோம் உருவாகும். செல் பிரியும்போது அதை இரு பக்கமும் இழுக்க, நடுவில் பாலம் போல நீண்டு அறுகிறது. சென்ட்ரோமியர் இல்லாத துண்டை இழுப்பாரில்லை. அது செல்லின் கருவுக்கு வெளியே தனியே சுருண்டு நுண்கருவாகிறது. கதிர்பட்ட வெங்காய வேர்நுனியைச் சாயமேற்றி நசுக்கி நுண்ணோக்கியில் வைத்தால் இரண்டையும் நன்றாகப் பார்க்கலாம். மரபணுக்களை இழந்த சேய்ச் செல்கள் மேலே பிரிய முடியாமல் நின்றுபோகின்றன.

மடல்களின் செல்களிலும் டிஎன்ஏ இதே போல அறுகிறது. ஆனால் அவை பிரிவதில்லை, அதனால் பழுது வெளிப்படுவதில்லை. வெங்காயம் உயிரோடு சுவாசித்துக்கொண்டுதான் இருக்கிறது. வேகமாகப் பிரியும் செல்களையே கதிர் அதிகம் தாக்கும் என்பதை 1906இல் பிரான்சின் பெர்கோனியேவும் டிரிபோண்டோவும் விதியாகச் சொன்னார்கள். புற்றுநோய்க்குக் கதிர் சிகிச்சை பெறுவோருக்கு, கதிர் படும் இடத்தைப் பொறுத்து, முடியும் வாயின் உட்தோலும் முதலில் பாதிக்கப்படுவது இதனால்தான்.

நாள் தவறினால் எல்லாம் வீண். அறுவடை செய்து உலர்த்திய சில வாரங்களுக்குள், வெங்காயம் முளைக்காமல் கிடக்கும் உறக்கம் கலையுமுன் கதிர் கொடுக்க வேண்டும். உள்ளே குருத்து நீள ஆரம்பித்த பின் கொடுத்தால், அது உள்ளேயே செத்து நடுப்பகுதி பழுப்பாகிவிடும். உருளைக்கிழங்கில் நேர்மாறு: காயம் ஆறவும் செல் பிரிய வேண்டும், ஆகவே தோண்டியதும் கொடுக்கக் கூடாது. அழுகலையும் இந்த அளவு தடுக்காது. பூஞ்சையைக் கொல்ல ஆயிரக்கணக்கான கிரே வேண்டும். அடிபட்ட காய்களை முன்பே பொறுக்கித் தள்ளுவதுதான் வழி.

கோபால்ட் கதிரின் ஆற்றல் அணுக்கருவை மாற்றப் போதாது. எனவே வெங்காயத்தில் கதிரியக்கம் ஏறாது. விதைக்காக நட வைத்திருக்கும் தாய்க் காய்களை மட்டும் முன்பே பிரித்து வைத்துவிட வேண்டும். கதிர்பட்ட காயை நட்டால் பூத்தண்டு எழும்பாது.