கோடி ரூபாய் வண்டியும் வால்பாறை இறக்கமும்

“நம்ம வண்டிக்கு என்னங்க ஆகப்போகுது?”

வால்பாறை இறக்கத்தில் பிரேக் போய், ஆழியாற்றிலிருந்து லாரியில் ஏற்றிப் பொள்ளாச்சிப் பட்டறைகளுக்கு வந்து சேரும் சொகுசு வண்டிகளின் சொந்தக்காரர்கள் கிளம்பும்போது சொன்ன வார்த்தை அநேகமாக இதுதான். இந்த மழைக்காலத்தில் கடைசியாக வந்த வண்டிக்கு முன் டிஸ்க் இரண்டும் நீலம் பாரித்திருந்தன. டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பேடுகள் ஓரம் நொறுங்கிக் கரியாகிக் கிடந்தன. ஓடியிருந்ததோ பதினோராயிரம் கிலோமீட்டர். மலைப்பக்கம் சாய்ந்து உரசி நின்றதால் உள்ளே இருந்தவர்கள் பிழைத்தார்கள். பள்ளத்துப் பக்கம் போயிருந்தால்? போதும், பட்டறைக்காரர்கள் நாங்கள் இனியும் வாயை மூடிக்கொண்டு டிஸ்க் மாற்றிக் கொடுத்துக்கொண்டிருப்பது சரியில்லை.

கணக்கைப் பாருங்கள். ஆட்களும் பெட்டிகளும் ஏறிய பெரிய எஸ்யூவி 2,200 கிலோவைச் சாதாரணமாகத் தொடும். பேட்டரி வண்டி இன்னும் கனம். அந்தக் கனம் 100 மீட்டர் உயரம் இறங்கும்போது அத்தனை ஆற்றலையும் பிரேக்கே தாங்கினால், நான்கு டிஸ்க்கும் சேர்த்து 40 கிலோ என்று வைத்துக்கொண்டால், காற்றில் ஆறுவதைக் கணக்கில் சேர்க்காமல் சூடு 115 டிகிரிக்கு மேல் ஏறும். இது வெறும் 100 மீட்டருக்கு. ஆழியாற்றுக்கும் வால்பாறைக்கும் நடுவில் இருப்பது 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு வளைவில் ஏறிய சூடு தணிவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும்.

சூட்டை முதலில் பேடு தாங்காது. மிதித்தால் பெடல் கட்டியாகத்தான் இருக்கும், வண்டி மட்டும் நிற்காது. அதையும் தாண்டினால் பிரேக் ஆயில் கொதிக்கும். அப்போது பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். டாட் 4 என்ற வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஆனால் அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். ஈரம் ஏறிய டாட் 4-க்கு விதிமுறை கேட்கும் குறைந்த அளவே 155 டிகிரிதான். “வண்டி வருஷத்துக்கு நாலாயிரம்கூட ஓடலைங்க, எதுக்கு ஆயில் மாத்தணும்?” என்று கேட்கிறார்கள். ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஈரம் ஏறும். கிலோமீட்டரைப் பார்க்காதீர்கள், தேதியைப் பாருங்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும்.

இறங்கும் முறை இதுதான். ஆட்டோமேட்டிக் வண்டியில் லீவரை ‘எம்’மில், அதாவது கியரை நீங்களே மாற்றும் நிலையில் போடுங்கள். ஸ்டியரிங் பின்னால் இருக்கும் துடுப்பை மட்டும் தட்டினால் பல வண்டிகளில் கொஞ்ச நேரத்தில் கியர்பெட்டி தானாகக் கியர் மாற்றும் ‘டி’க்குத் திரும்பிவிடும். எந்தக் கியரில் ஏறினீர்களோ அந்தக் கியரில் இறங்குங்கள். வளைவுகளில் பெரும்பாலும் இரண்டாவது. மூவாயிரம், நாலாயிரம் சுற்று காட்டினால் பயப்பட வேண்டாம், என்ஜினுக்கு ஒன்றும் ஆகாது. ஆக்சிலரேட்டரிலிருந்து கால் எடுத்த நிலையில் பெட்ரோலும் குடிக்காது. பிரேக்கைத் தொட்டபடியே இறங்காதீர்கள். நன்றாக அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை முழுதாக எடுங்கள், டிஸ்க் மூச்சு விடட்டும்.

‘ஈகோ’ மோடில் மலை இறங்கவே கூடாது. சொகுசு வண்டிகள் பலவற்றில் அந்த மோடில் காலை எடுத்ததும் என்ஜின் சக்கரத்திலிருந்து கழன்றுகொண்டு வண்டி சும்மா உருளும். சமவெளியில் அது மிச்சம், மலையில் ஆபத்து. குரூஸ் கன்ட்ரோலையும் அணைத்துவிடுங்கள், வேகம் கூடும்போதெல்லாம் அது உங்களுக்குத் தெரியாமலே பிரேக்கை அழுத்திக்கொண்டிருக்கும். மின்சார வண்டிக்காரர்கள் மேலே தங்கும் இடத்தில் 100 சதவீதம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு இறங்காதீர்கள். பேட்டரி நிறைந்திருந்தால் மோட்டார் திருப்பித் தரும் மின்சாரத்துக்கு இடமில்லை. நீங்கள் பழகிய அந்த இழுப்பு குறைந்து, சுமை முழுவதும் டிஸ்க்குக்கு வந்துவிடும். 80 சதவீதத்தில் கிளம்புங்கள், திரும்பி வரும் மின்சாரத்துக்கு இடம் இருக்கும்.

கருகல் வாடை வந்தால் அகலமான, சமமான இடத்தில் நிறுத்தி அரை மணி நேரம் ஆற விடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், டிஸ்க் கோணிப் போகும், வெடிக்கவும் செய்யும். பெடல் உள்ளே போய்விட்டால் வேகமாக விட்டு விட்டு மிதியுங்கள், கியரை ஒவ்வொன்றாக இறக்குங்கள், ஹேண்ட்பிரேக் ஸ்விட்சை இழுத்துப் பிடித்தபடியே இருங்கள். பெரும்பாலான புது வண்டிகளில் அது அவசர பிரேக்காக வேலை செய்யும், உங்கள் வண்டியில் எப்படி என்று கையேட்டில் இன்றைக்கே பார்த்து வையுங்கள். அதற்கும் நிற்காவிட்டால் மலைப்பக்கம் உரசி நிறுத்துங்கள். பெயின்ட் போனால் அடித்துக்கொள்ளலாம்.

இனி, எங்களுக்கு உண்மையிலேயே எரிச்சல் ஊட்டும் நம்பிக்கைக்கு வருகிறேன். “ஏபிஎஸ் இருக்கு, வண்டி வழுக்காம பிடிக்கிற ஈஎஸ்பி இருக்கு, ஆல் வீல் டிரைவ் இருக்கு, எட்டு ஏர்பேக் இருக்கு.” இருக்கட்டும். இவற்றில் எதுவும் சாலைக்கும் டயருக்கும் நடுவில் பிடிப்பை உண்டாக்குவதில்லை. இருக்கிற பிடிப்பைப் பங்கு போட்டுக் கொடுக்கிறது, அவ்வளவுதான். வண்டி எவ்வளவு பெரிதானாலும் தரையைத் தொடுவது ஒவ்வொரு டயரிலும் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவு ரப்பர். மழையில் அந்த நான்கு உள்ளங்கைக்கும் ரோட்டுக்கும் நடுவில் தண்ணீர் புகுந்துவிட்டால் கம்ப்யூட்டர் பங்கு போட அங்கே ஒன்றும் இருக்காது. ஏபிஎஸ் என்பது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல், பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி ஸ்டியரிங்கைத் திருப்புவதற்காக. எல்லாத் தரையிலும் சீக்கிரம் நிற்பதற்கு என்று நினைப்பது தவறு. மணலும் ஜல்லியும் கிடக்கிற வளைவில் ஏபிஎஸ் வண்டிக்கு இன்னும் கூடுதல் தூரம்கூட ஆகலாம். ஆல் வீல் டிரைவ் வண்டியைக் கிளப்பும்போதும் ஏற்றும்போதும் உதவும். நிறுத்தும்போது எல்லா வண்டிக்கும் நான்கு சக்கரத்திலும் பிரேக் உண்டு, நாலு லட்சம் ரூபாய் பழைய வண்டிக்கும் உண்டு. இதைச் சொன்னால் வண்டி விற்றவர் வேறு மாதிரிச் சொன்னாரே என்கிறார்கள். விற்றவருக்கு நாற்பதாவது வளைவு தெரியாது. அகல டயர் மழையில் நல்ல பிடிப்பு என்பதும் தப்பு. ஒரே வேகம், ஒரே காற்று, ஒரே தேய்மானம் என்றால் அகல டயர்தான் முதலில் தண்ணீர் மேல் மிதக்கும்.

ஏர்பேக் பெல்ட்டுக்குத் துணை, பெல்ட்டுக்குப் பதில் இல்லை. 2022 செப்டம்பர் 4 அன்று தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்த விபத்தில் பின்னிருக்கையில் இருந்த இருவரும் பெல்ட் போட்டிருக்கவில்லை என்று நாடே படித்தது. அதன் பிறகும் பின்னால் உட்காரும் முதலாளிகள் பெல்ட்டைச் சீட்டுக்கு அடியில் திணித்து வைத்திருக்கிறார்கள். வெளியே எடுத்துப் போட வைத்து அனுப்புவது இப்போது எங்கள் வேலையில் சேர்ந்துவிட்டது.

சமவெளிக்கு வருவோம். இந்த வண்டிகளின் பெரிய குறை, குறையே தெரியாமல் இருப்பது. இரட்டைக் கண்ணாடி, காற்றுச் சத்தம் கிடையாது, 130-இல் போனாலும் 70 போலத்தான் இருக்கும். நூறுக்கு மேல் அரை மணி ஓட்டிவிட்டு ஊருக்குள் இறங்கினால் 80 என்பது நடப்பது போலத் தோன்றும். காதையும் உடம்பையும் நம்பாமல் மீட்டரைப் பாருங்கள். காய்ந்த ரோடு, நல்ல டயர், கண்ணில் பட்டு ஒரு நொடியில் பிரேக் மிதிப்பவர் என்று வைத்தால் 60-இல் நிற்க ஏறத்தாழ 34 மீட்டர் வேண்டும். 100-இல் 77. 140-இல் 135. 4 நொடியில் நூறைத் தொடுகிற வண்டிக்கும் இதே கணக்குதான்.

வாளையாறு தாண்டியதும் எல்லாரும் ஒழுங்காகிவிடுகிறார்கள், கேரளத்தில் 2023 ஜூன் 5 முதல் கேமரா பார்த்து அபராதம் வருகிறது. திரும்பி வரும்போது எல்லை தாண்டிய நிமிடமே காலை அழுத்துகிறார்கள். அதே மனிதர், அதே வண்டி. முன்னால் போகிறவரின் பம்பரை ஒட்டிக்கொண்டு விளக்கை அடித்து அடித்து விரட்டுவதும் அப்போதுதான். முன்னே போகும் மாருதிக்காரர் பயந்து இடது பக்கம் ஒதுங்கும்போது அங்கே ஒரு பைக் இருக்கலாம் என்று யோசிக்க மாட்டீர்களா? உங்கள் ஹெட்லைட் எதிரே வரும் பைக்காரருக்குச் சூரியன் மாதிரி. தானாக டிம் ஆகும் வசதியை நம்பாதீர்கள், மங்கலான ஒற்றை விளக்குள்ள டிவிஎஸ் எக்ஸெல்லை அது பல நேரம் கவனிப்பதே இல்லை. பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம், மீனாட்சிபுரம் வழியாகப் போகும் ரோடுகள் இருவழிதான். தேங்காய் நார் பிதுங்கிக்கொண்டு போகும் வண்டி, சந்தை நாளில் மாடு ஏற்றிப் போகும் வண்டி, பின்விளக்கே இல்லாத டிராக்டர் டிரெய்லர் எல்லாம் அங்கே உண்டு. ஓரத்தில் நிற்கும் இருண்ட டிரெய்லரைக் குரூஸ் கன்ட்ரோல் கண்டுபிடிக்கும் என்று நம்பி ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காதீர்கள்.

மலையில் மரியாதை என்று ஒன்று உண்டு. அகலம் போதாத இடத்தில் ஏறும் வண்டிக்கு வழி விட வேண்டும், சட்டமும் அதுதான். பஸ்ஸுக்கு வளைவில் முழு ரோடும் வேண்டும். அதன் மூக்கு வெளிப்பக்கம் வரை வந்து, பின்சக்கரம் உள்பக்கத்தைத் தொட்டுத்தான் திரும்பும். டிரைவர் வளைவுக்குள் நுழைந்த பிறகு, உங்களிடம் 300 குதிரைத்திறன் இருக்கிறதென்று உள்பக்கமாகப் புகுந்தால் அவர் எங்கே போவார்? வளைவுக்கு முன்பே நில்லுங்கள். ஒன்பதாவது வளைவில் வரையாடு பார்க்க ரோட்டின் நடுவில் நிறுத்துகிறவர்களே, உங்களுக்குப் பின்னால் இறங்குகிற லாரிக்கு அதன் பிரேக் மேல் உங்கள் அளவு நம்பிக்கை இருக்காது. புதுத்தோட்டம் பக்கம் சிங்கவால் குரங்குகள் ரோட்டைக் கடக்கும், அங்கே 30-க்கு மேல் வேண்டாம். தீனி போடவும் வேண்டாம், தீனிக்காகவும் அவை ரோட்டுக்கு இறங்கி அடிபடுகின்றன.

டயரைப் பற்றிச் சுருக்கமாக. பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் படியுங்கள், 2318 என்றால் 2018-இன் 23-ஆவது வாரம். செகண்ட் ஹேண்டில் வாங்கிய குறைந்த ஓட்ட வண்டிகளில் டயரின் மேல் பட்டன் தேயாமல் அப்படியே இருக்கும், ரப்பர் கல்லாகியிருக்கும். ஆறு வயதைத் தாண்டியதை மலைக்கும் நெடுஞ்சாலைக்கும் எடுத்துப் போகாதீர்கள். பக்கவாட்டில் முட்டை போலப் புடைத்திருந்தால் அன்றே மாற்றுங்கள். காற்று அளவு டிரைவர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கிறது, ஐந்து பேர் போனால் அளவு வேறு. ரன்ஃபிளாட் டயர் பஞ்சரான பிறகு தாங்குவது பொதுவாக 80 கிலோமீட்டர் தூரம், அதுவும் 80-க்கு மிகாத வேகத்தில். என்ஜின் கம்ப்யூட்டரில் ‘ஸ்டேஜ் ஒன்’ ரீமேப் என்ற மாற்றம் போட்டு 60 குதிரைத்திறன் கூட்டிக்கொண்டு, பிரேக் பேடில் காசு மிச்சம் பிடிப்பவர்களுக்கு என்ன சொல்வது! ஒரு செட் அசல் பேடு விலை அதிகம்தான், ஒத்துக்கொள்கிறேன். அந்தக் காசு இல்லையென்றால் ரீமேப்பைத் தொடாதீர்கள்.

பையனுக்குச் சாவி கொடுக்கிற அப்பாக்களுக்கு ஒன்று. 18 வயது ஆகாதவன் ஓட்டிக் குற்றம் நடந்தால், மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ பிரிவின்படி உங்களுக்கு 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. 18 முடிந்தவனாக இருந்தாலும் அவசரப்படாதீர்கள். கற்றுக்கொண்ட சின்ன வண்டியில் ஒரு மழைக்காலம் முழுக்க ஓட்டட்டும், பிறகு பார்க்கலாம்.

கடைசியாக, சம்பளத்துக்கு ஓட்டுகிற டிரைவர்களுக்காக ஒரு வேண்டுகோள். அவர்களில் பலர் இந்த மலையில் லாரியும் பஸ்ஸும் ஓட்டியவர்கள், இரண்டாவது கியரில் இறங்கத் தெரிந்தவர்கள். என்ஜின் சத்தம் கூடுகிறதென்று பின்னாலிருந்து “ஏம்ப்பா, ‘டி’ல போட்டு ஓட்டு, வண்டி கத்துது பாரு” என்று அதட்டாதீர்கள். அந்தச் சத்தத்தோடு ஆழியாறு வரைக்கும் வரட்டும், விடுங்கள்.