நாலு எஞ்சின் குட்டி ஜெட் ஏன் ஓய்வுக்குப் போனது?

சில வருடங்களுக்கு முன்பு வரை ஜோகன்னஸ்பர்க் ஓ.ஆர். தம்போ விமான நிலையத்தில் ஒரு வினோதமான சின்ன ஜெட் நின்றுகொண்டிருக்கும். உட்காரும் இடம் எண்பது சொச்சம்தான், ஆனால் எஞ்சின் நாலு. இறக்கை உடம்புக்கு மேலே பொருத்தப்பட்டிருக்கும். ஜன்னலோரம் உட்கார்ந்தால் எஞ்சின் தலைக்கு மேல் தொங்குவதும், இறங்கும் நேரத்தில் சக்கரம் வயிற்றிலிருந்து வெளியே வருவதும் நன்றாகத் தெரியும். பெயர் ஆவ்ரோ ஆர்ஜே85. ஏர்லிங்க் என்ற தென்னாப்பிரிக்க வட்டார விமான நிறுவனம் இதை ஓட்டியது. இரண்டே எஞ்சின் கொண்ட எம்பிரேர் ஜெட்டுகள் வர வர, இவை ஒவ்வொன்றாக ஓய்வுக்குப் போயின.

ஜோகன்னஸ்பர்க்கின் இந்தியக் குடியிருப்பான லெனேசியாவிலிருந்து இதில் ஏறிய நம்மவர்கள் பலரும் கேட்டிருப்பார்கள்: "இத்தனூண்டு பிளேனுக்கு நாலு எஞ்சினா?" அதை ஒட்டியே இன்னொரு கேள்வியும் உண்டு. நன்றாகப் பறந்துகொண்டிருக்கும் ஒரு விமானத்தை எதற்கு நிறுத்துகிறார்கள்? முதல் கேள்விக்கு விடை காற்றில் இருக்கிறது. இரண்டாவதற்கு உலோகத்தில் பாதி, கணக்குப் புத்தகத்தில் பாதி.

முதலில் காற்று. ஜோகன்னஸ்பர்க் விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து 1,694 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடல் மட்டத்தில், 15 டிகிரி வெப்பத்தில், ஒரு கன மீட்டர் காற்றின் எடை 1.225 கிலோ. ஜோகன்னஸ்பர்க்கில் 30 டிகிரி அடிக்கும் ஒரு டிசம்பர் மதியம் அதே ஒரு கன மீட்டர் சுமார் 0.95 கிலோதான் இருக்கும். உயரம் கொஞ்சம் குறைக்கிறது, வெயில் இன்னும் கொஞ்சம் குறைக்கிறது. ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் காற்று காணாமல் போய்விடுகிறது. இந்தக் காற்றின் அடர்த்தியை மட்டும் வைத்துப் பார்த்தால், அந்த மதியத்தில் ஓடுபாதை ஏறக்குறைய 2,580 மீட்டர் உயரத்தில் இருப்பதாக அர்த்தம். நீலகிரியின் தொட்டபெட்டா சிகரமே 2,637 மீட்டர்தான்.

காற்று மெலிந்தால் விமானத்துக்கு இரண்டு பக்கமும் அடி. இறக்கைக்குத் தேவையான தூக்குவிசை கிடைக்க, கடல் மட்டத்தில் ஓடுவதைவிடச் சுமார் 13.6 சதவீதம் அதிக வேகத்தில் ஓட வேண்டும். வேகம் 13.6 சதவீதம் கூடினால் இயக்க ஆற்றல் கிட்டத்தட்ட 29 சதவீதம் கூட வேண்டும், ஏனென்றால் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். சரி, எஞ்சினை இன்னும் முடுக்கலாமே என்றால் அதற்கும் வழியில்லை. எஞ்சினும் அதே மெலிந்த காற்றைத்தான் விழுங்குகிறது, அதன் உந்துவிசையும் குறைகிறது. தேவை கூடும் நேரத்தில் வரவு குறைகிறது. ஓ.ஆர். தம்போவின் பெரிய ஓடுபாதை 4,400 மீட்டருக்கும் மேல் நீளம். டர்பனுக்கு வடக்கே, வெருலத்துக்கும் டோங்காட்டுக்கும் பக்கத்தில், ஒரு காலத்தில் நம் முன்னோர் கரும்பு வெட்டிய லா மெர்சியில் 2010-ல் திறந்த கிங் ஷாகா விமான நிலையத்துக்கு 3,700 மீட்டர் போதுமானதாக இருக்கிறது. அது கடலோரம், அங்கே காற்று கனம்.

ஓடுபாதை நீளம் பாதிக் கதைதான். விமானம் வடிவமைப்பவரை உண்மையில் தூங்கவிடாதது வேறொன்று: மேலே எழும்பும் நேரத்தில் ஒரு எஞ்சின் நின்றுவிட்டால்? ஒவ்வொரு புறப்பாட்டுக்கும் வீ-ஒன் என்று ஒரு வேகம் கணக்கிடுவார்கள். அதற்குள் கோளாறு தெரிந்தால் பிரேக் போட்டு நின்றுவிடலாம். அதைத் தாண்டிவிட்டால் நிறுத்த இடம் கிடையாது, மிச்சமுள்ள எஞ்சினோடு எழும்பியே ஆக வேண்டும். சக்கரத்தை மடக்கிய பிறகு அந்த நிலையிலும் குறைந்தபட்சம் எவ்வளவு சரிவில் ஏற வேண்டும் என்று விதி இருக்கிறது. இரண்டு எஞ்சின் விமானத்துக்கு 2.4 சதவீதம், நாலு எஞ்சினுக்கு 3 சதவீதம்.

ஆர்ஜே85-ன் ஒவ்வொரு எஞ்சினும் தருவது சுமார் 7,000 பவுண்டு உந்துவிசை. நாலும் சேர்ந்தால் 12.7 டன். ஒன்று போனால் 9.5 டன் மிச்சம், விமானத்தின் உச்ச எடை 44 டன். அதன் இடத்துக்கு வந்த எம்பிரேர் 190-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். எஞ்சினுக்குச் சுமார் 18,500 பவுண்டு, இரண்டும் சேர்ந்து 16.8 டன். ஒன்று போனால் 8.4 டன்தான் மிஞ்சும், எடையோ 50 டன் அளவு. எல்லாம் ஓடும்போது எம்பிரேர் பலசாலி; ஒன்று நின்ற நிமிடத்தில் ஆவ்ரோ பலசாலி. இழுவை குறைந்த புதிய இறக்கையும், விதியில் உள்ள சலுகையும் சேர்ந்துதான் எம்பிரேர் சமாளிக்கிறது. உயரமும் வெயிலும் சேர்ந்த ஊர்களில் இந்தக் குட்டி ஜெட்டுக்கு இருந்த மரியாதைக்கு அடிப்படை இந்தக் கணக்குதான்.

நாலு எஞ்சினுக்கு இன்னொரு காரணமும் உண்டு, அது அவ்வளவு உயர்ந்ததல்ல. இந்த விமானத்தை ஹாக்கர் சிட்லி என்ற பிரிட்டிஷ் நிறுவனம் 1973-ல் அறிவித்தபோது, இந்த அளவுக்குப் பொருத்தமான, சத்தம் குறைந்த, பெரிய எஞ்சின் இரண்டு சந்தையில் கிடைக்கவில்லை. கிடைத்தது சின்னது. அதனால் நாலு. எண்ணெய் நெருக்கடியில் 1974-ல் திட்டம் முடங்கியது. பிறகு பிரிட்டிஷ் ஏரோஸ்பேஸ் 1978-ல் அதைத் தூசி தட்டி எடுத்தது. 1981 செப்டம்பர் 3 அன்று இங்கிலாந்தின் ஹாட்ஃபீல்டில் முதல் முறை பறந்தது. அப்போது பெயர் பிஏஇ 146. ஆவ்ரோ ஆர்ஜே என்பது பின்னாளில் எஞ்சினைக் கணினிக் கட்டுப்பாட்டுக்குக் கொண்டுவந்து மெருகேற்றிய வடிவம்.

அந்தச் சின்ன எஞ்சின் மட்டமான சரக்கு என்று நினைத்துவிடாதீர்கள். அதன் உள் இதயம் சினூக் ராணுவ ஹெலிகாப்டரை ஓட்டும் டி55 எஞ்சினிலிருந்து வந்தது. ஜெட் எஞ்சினில் ஒரு பழைய சண்டை உண்டு. பின்னால் இருக்கும் டர்பைன் வேகமாகச் சுற்றினால்தான் நன்றாக வேலை செய்யும். முன்னால் இருக்கும் விசிறி மெதுவாகச் சுற்றினால்தான் சத்தமும் விரயமும் குறையும். இரண்டையும் ஒரே தண்டில் மாட்டினால் இரண்டுமே அரைகுறைச் சமரசம். இந்த எஞ்சினில் இரண்டுக்கும் நடுவே ஒரு பற்சக்கரப் பெட்டியை வைத்தார்கள். டர்பைன் தன் போக்கில் ஓட, விசிறி நிதானமாகச் சுற்றியது. அதனால்தான் தன் காலத்து ஜெட்டுகளில் இது மிகவும் அமைதியானது என்று பெயர் வாங்கியது. 2016-ல் ஏர்பஸ் ஏ320 நியோவில் வந்த கியர் டர்போஃபேனைப் புரட்சி என்று விளம்பரம் செய்தார்கள். செய்யட்டும். இந்தக் குட்டி ஜெட் 1983-லேயே பற்சக்கரத்தோடு பயணிகளை ஏற்றிக்கொண்டிருந்தது.

வெளியே அமைதி, உள்ளே அப்படிச் சொல்ல முடியாது. இறக்கையின் பின்பக்க ஃபிளாப்புகள் விரியும்போது ஒரு ஊளைச் சத்தம் வரும். முதல் முறை ஏறியவர்கள் பக்கத்து இருக்கைக்காரரின் முகத்தைப் பார்ப்பார்கள். ஃபிளாப் இடைவெளியில் காற்று புகுந்து போடும் சத்தம், வேறொன்றுமில்லை.

இறங்குவதில் இது தனி ரகம். எஞ்சின் உந்துவிசையைத் திருப்பிவிட்டு நிற்கும் வசதி இதில் கிடையாது. அதற்குப் பதில் வால் நுனியே இரண்டாகப் பிளந்து பக்கவாட்டில் விரியும். இந்த ஏர் பிரேக்கைப் பறக்கும்போதே திறக்கலாம். அதனால் செங்குத்தாக இறங்கினாலும் வேகம் எகிறாது. சாதாரணமாக விமானங்கள் 3 டிகிரி சரிவில் இறங்கும். லண்டன் சிட்டி விமான நிலையத்தில் 5.5 டிகிரி. அங்கே இந்த விமானம் சர்வசாதாரணமாக இறங்கியது. தரை தொட்டதும் இறக்கை மேலுள்ள தகடுகள் எழும்பித் தூக்குவிசையைக் கொன்றுவிடும், முழு எடையும் சக்கரத்தில் விழும், பிரேக் பிடிக்கும்.

இவ்வளவு நல்ல பிள்ளையை ஏன் வீட்டுக்கு அனுப்பினார்கள்?

வெருலத்தில் ஓய்வாக இருக்கும் மாமா ஒருவர் விமான மெக்கானிக்காக இருந்தவர். அவரிடம் ஒரு விமானத்தின் வயது என்ன என்று கேட்டால் வருடத்தைச் சொல்லவே மாட்டார். "எத்தனை தடவை ஏறி இறங்கிச்சுன்னு கேளு தம்பி" என்பார். துறையில் இதை சைக்கிள் என்கிறார்கள். ஒரு புறப்பாடும் ஒரு தரையிறக்கமும் சேர்ந்தால் ஒரு சைக்கிள்.

காரணம் அழுத்தம். 30,000 அடியில் வெளியே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் 30 சதவீதம்தான். உள்ளே மனிதர் மூச்சுவிட வேண்டுமே, அதனால் கேபினை அதிகபட்சம் 8,000 அடி உயரத்துக்குச் சமமான அழுத்தத்தில், அதாவது சுமார் 75 சதவீதத்தில், வைப்பார்கள். இந்த வித்தியாசம் சுவரின் ஒவ்வொரு சதுர மீட்டரையும் 4.6 டன் விசையோடு வெளியே தள்ளுகிறது. ஆர்ஜே85-ன் உடம்பின் விட்டம் 3.56 மீட்டர். கணக்குப் போட்டால், உடம்பின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் அந்த மெல்லிய அலுமினியத் தோல் 8 டன்னுக்கு மேல் இழுபடுகிறது. இறங்கியதும் தளர்கிறது. அடுத்த பயணத்தில் மறுபடி இழுபடுகிறது. (ஜோகன்னஸ்பர்க்காரர்கள் இதைக் காதில் உணரலாம். வீடே 5,500 அடிக்கு மேல் என்பதால் ஏறும்போது காது பெரிதாக அடைக்காது. டர்பனில் கடல் மட்டத்துக்கு இறங்கும்போதுதான் குழந்தைகள் வீறிடும்.)

ஒரு கம்பியை வளைத்து நிமிர்த்தி, வளைத்து நிமிர்த்திக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் பட்டென்று ஒடிகிறதல்லவா, அதுதான் உலோகச் சோர்வு. ஒரே இழுப்பில் அறுக்க முடியாத உலோகம், சிறிய இழுப்பு ஆயிரக்கணக்கான தடவை வந்தால் விரிசல் விடும். விரிசல் எப்போதும் ஏதாவது ஒரு மூலையில், ஒரு ரிவெட் துளையில், ஒரு ஜன்னல் விளிம்பில் தொடங்கும். அந்த இடங்களில்தான் இழுப்பு குவிகிறது.

இந்தப் பாடத்தை உலகம் படித்த கதையில் ஜோகன்னஸ்பர்க் இரண்டு முறை வருகிறது. உலகின் முதல் ஜெட் பயணிகள் சேவை 1952 மே 2 அன்று லண்டனிலிருந்து ஜோகன்னஸ்பர்க்குக்குக் கிளம்பியது. விமானம் டி ஹாவிலண்ட் காமெட். அதுவும் ஹாட்ஃபீல்டில் பிறந்ததுதான், நம் குட்டி ஜெட்டுக்கு முப்பது வருட மூத்தது. அந்த முதல் பயணத்தைச் செய்த அதே விமானம், யோக் பீட்டர், 1954 ஜனவரி 10 அன்று எல்பா தீவருகே நடுவானில் சிதறியது. மூன்று மாதம் கழித்து, ஏப்ரல் 8 அன்று, தென்னாப்பிரிக்க ஏர்வேஸ் வாடகைக்கு எடுத்து ஓட்டிய இன்னொரு காமெட் நேபிள்ஸ் அருகே கடலில் விழுந்தது. ரோமிலிருந்து கெய்ரோ வழியாக ஜோகன்னஸ்பர்க்குக்கு வர வேண்டிய விமானம் அது. இரண்டிலும் ஒருவரும் பிழைக்கவில்லை.

இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ விமான ஆய்வு மையத்தில் ஒரு முழுக் காமெட்டைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, உள்ளே தண்ணீரை அழுத்தி ஏற்றி இறக்கிச் சோதித்தார்கள். காற்றை வைத்துச் செய்தால் உடையும்போது குண்டு வெடித்த கதையாகிவிடும். தண்ணீர் அமுங்காது, அதனால் விரிசல் விழுந்த இடம் அப்படியே கிடைக்கும். முன்பே பறந்தவற்றையும் சேர்த்து 3,057 சைக்கிளில் உடம்பு கிழிந்தது. நொறுங்கிய யோக் பீட்டர் 1,290 முறைதான் பறந்திருந்தது.

அதற்குப் பிறகு வந்த விமானங்கள் எல்லாம் இந்தப் பாடத்தின் பிள்ளைகள். விரிசல் விட்டாலும் ஓடிவிடாமல் தடுக்கும் பட்டைகள் வைத்தார்கள். எந்த இடத்தை எத்தனை சைக்கிளுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்று அட்டவணை போட்டார்கள். ஆனாலும் எண்ணிக்கை ஏறிக்கொண்டேதான் போகும், அதுவும் குட்டித் தூரம் பறக்கும் விமானத்துக்கு வெகு சீக்கிரம். ஹவாய் தீவுகளுக்கு நடுவே ஓடிய அலோஹா நிறுவனத்தின் போயிங் 737 ஒன்றின் கூரை 1988 ஏப்ரல் 28 அன்று பறக்கும்போதே பிய்த்துக்கொண்டு போனது. அதன் கணக்கில் இருந்தது 35,496 மணி நேரம், 89,680 சைக்கிள். சராசரியாக 24 நிமிடத்துக்கு ஒரு பயணம். கடல் உப்பு அரிப்பும் சேர்ந்துகொண்டது. கண்டம் தாண்டும் விமானம் நாளுக்கு இரண்டு முறை ஏறி இறங்கினாலே அதிகம். வட்டார ஜெட் ஆறேழு முறை ஏறி இறங்கும்.

இதனால் வயதாக ஆக, பெரிய பராமரிப்பு ஒவ்வொன்றும் முந்தியதைவிட நீளும். இருக்கை, தரை, உட்சுவர் எல்லாவற்றையும் கழற்றி, கண்ணுக்குத் தெரியாத விரிசலைச் சுழல் மின்னோட்டக் கருவி வைத்துத் தேடுவார்கள். விரிசலின் குறுக்கே மின்னோட்டம் தடுமாறும், கருவி காட்டிக்கொடுக்கும். தேடினால் ஏதாவது கிடைக்கத்தான் செய்யும். அதைச் சரிசெய்யும் மணிக்கணக்கு செலவாக மாறும்.

அப்புறம் அந்த நாலு எஞ்சின். மேட்டு நிலத்தில் வரமாக இருந்தது பட்டறையில் சாபம். நாலு பற்சக்கரப் பெட்டி, நாலு எண்ணெய்க் குழாய்த் தொகுதி, நாலு முறை பிரித்துப் பூட்டுதல். புதிய இரட்டை எஞ்சின் அதே வேலையைக் குறைந்த எரிபொருளில் செய்கிறது. ஆர்ஜே உற்பத்தியோ 2000-களின் தொடக்கத்திலேயே நின்றுவிட்டது, உதிரிபாகம் தேடுவதே ஒரு வேலை. ஆகவே ஒரு வட்டார நிறுவனம் தன் ஜெட்டை நிறுத்தும் நாள் பெரும்பாலும் ஏதோ கோளாறு வந்த நாளாக இருக்காது. அடுத்த பெரிய பராமரிப்புக்குத் தேதி நெருங்கும் நாளாக இருக்கும். அந்தப் பில் விமானத்தின் விலையைத் தாண்டினால், மிச்சமிருக்கும் சைக்கிளைப் பறந்து தீர்த்துவிட்டு நிறுத்திவிடுவார்கள். அந்தக் கடைசி மாதங்களில் ஏறும் பயணிக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. பாதுகாப்பு விதி கடைசிப் பயணம் வரை ஒன்றுதான். இதைச் சொன்னால் நம்பாத உறவினர்கள் எனக்கு நிறைய உண்டு.

எல்லா ஆர்ஜே85-ம் உடைக்கப்படுவதில்லை. வட அமெரிக்காவில் சிலவற்றைக் காட்டுத்தீ அணைக்கும் டேங்கராக மாற்றியிருக்கிறார்கள். வயிற்றைச் சுற்றித் தொட்டி கட்டி, சுமார் 11,300 லிட்டர் தீத்தடுப்புக் கரைசலைச் சுமக்கும். மெதுவாகப் பறக்கும் திறமை, வேகத்தை அடக்கும் வால் பிரேக், ஒரு எஞ்சின் போனாலும் மலைச்சரிவிலிருந்து ஏறிவிடும் பலம் எல்லாம் அங்கே மறுபடி பயன்படுகின்றன. தீக்கு மேல் தாழ்வாகப் பறப்பதால் கேபின் அழுத்தத்தின் தொல்லை குறைவு. பதிலுக்கு அடி வாங்குவது இறக்கை. தீயின் வெப்பத்தில் குமுறும் காற்று அதை உலுக்கும், பத்து டன்னுக்கு மேல் கரைசல் சில நொடிகளில் கொட்டும்போது சுமை சட்டென்று மாறும். 2002-ல் கலிபோர்னியாவில் ஒரு பழைய சி-130 டேங்கரின் இறக்கைகள் தீக்கு மேலேயே முறிந்தன, காரணம் சோர்வு விரிசல். அதற்குப் பிறகு டேங்கர் விமானங்களில் உணர்கருவிகளைப் பொருத்தி, ஒவ்வொரு பயணத்திலும் விமானம் எவ்வளவு விசையைத் தாங்கியது என்று பதிவு செய்கிறார்கள். அடுத்த பரிசோதனை எப்போது என்பதை முடிவு செய்வதில் இப்போது அந்தப் பதிவுக்கும் பங்கு உண்டு.