வெண்புள்ளியின் நாள்கணக்கு

கடல்நீர்த் தொட்டியில் புதிதாக விடப்பட்ட மீனின் துடுப்பில், தூள் உப்பைத் தூவியது போல் சில வெண்புள்ளிகள் தென்படுகின்றன. கடையில் கேட்டு வாங்கிய மருந்தைத் தொட்டியில் ஊற்றுகிறோம். நான்கைந்து நாட்களில் புள்ளிகள் மறைகின்றன, மீனும் நன்றாக இரை எடுக்கிறது. மருந்து வேலை செய்துவிட்டது என்றுதான் எவரும் நினைப்பார்கள். ஆனால் எந்த மருந்தும் ஊற்றாமல் இருந்திருந்தாலும் அந்தப் புள்ளிகள் ஏறத்தாழ அதே நாட்களில் மறைந்திருக்கும். அவை மறைந்த பிறகுதான் நோய் பெருகவே தொடங்குகிறது. இரண்டு வாரம் கழித்துத் தொட்டியிலுள்ள எல்லா மீன்களும் ஒரே சமயத்தில் மூச்சுத் திணறுவதற்குக் காரணம் இதுதான். கடல் மீன்களைத் தனிமைப்படுத்துவதும் அவற்றுக்குச் சிகிச்சை அளிப்பதும் ஒட்டுண்ணியின் வாழ்க்கைச் சுழற்சி எத்தனை நாள் எடுத்துக்கொள்கிறது என்ற கணக்கை வைத்தே வகுக்கப்பட்டுள்ளன. மருந்தின் பெயர் அதற்கு அடுத்தபடியாகத்தான் வருகிறது.

இந்த நோயை உண்டாக்குவது கிரிப்டோகேரியான் இர்ரிட்டன்ஸ் என்னும் ஒருசெல் உயிரி. உடலைச் சுற்றியுள்ள குற்றிழைகளை அசைத்து நீந்தும் வகையைச் சேர்ந்த இதை 1937-இல் ஜப்பானில் சிகாமா என்ற ஆய்வாளர் பதிவு செய்தார். இன்றைய அறிவியல் பெயரை 1951-இல் பிரவுன் இட்டார். நன்னீர் மீன்களுக்கு வரும் வெண்புள்ளி நோயும் பார்வைக்கு இதைப் போலவே இருப்பதால் இரண்டையுமே ‘இக்’ என்று அழைக்கும் வழக்கம் உண்டு. உண்மையில் இரண்டும் நெருங்கிய உறவில்லாத உயிரிகள். ஒரே விதமான வாழ்க்கை முறைக்குத் தனித்தனியாக வந்து சேர்ந்தவை. எனவே தங்கமீன் தொட்டியில் பலன் தந்த கைவைத்தியங்களைக் கடல் தொட்டிக்குக் கொண்டுவருவதில் பொருளில்லை.

இதன் வாழ்வில் நான்கு கட்டங்கள் உள்ளன. டிரோஃபாண்ட் எனப்படும் உண்ணும் பருவத்தில் அது மீனின் தோலிலும் செவுளிலும் மேற்புறத் திசுவுக்கு அடியில் புகுந்து, அங்குள்ள செல்களையும் திசு நீரையும் தின்று, அரை மில்லிமீட்டர் வரை வளர்கிறது. நாம் காணும் வெண்புள்ளி இதுதான். மூன்று முதல் ஏழு நாட்களில் வயிறு நிறைந்ததும், பெரும்பாலும் இருட்டு நேரத்தில், மீனை விட்டு வெளியேறி, புரோடோமாண்ட் என்னும் ஊரும் பருவமாகச் சில மணி நேரம் தொட்டியின் தரையில் ஊர்ந்து, மணலிலோ பாறையிலோ கண்ணாடியிலோ ஒட்டிக்கொண்டு தன்னைச் சுற்றிக் கடினமான கூட்டைக் கட்டுகிறது. டோமாண்ட் எனப்படும் இந்தக் கூட்டுக்குள் அது மீண்டும் மீண்டும் பிளந்து இருநூறு வரை குஞ்சுகளாகிறது. கூடு உடைந்ததும் வெளிவரும் தெரோண்ட் என்னும் நீந்தும் பருவத்துக்கு ஒரே வேலை, ஒரு மீனைக் கண்டுபிடிப்பது. அதற்கு இருக்கும் அவகாசம் ஒன்று அல்லது இரண்டு நாள். அதிலும் முதல் ஏழெட்டு மணி நேரம் கடந்தபின் அதன் தொற்றும் திறன் வெகுவாகக் குறைந்துவிடுகிறது.

சிக்கல் முழுவதும் கூட்டுப் பருவத்தில் இருக்கிறது. சில கூடுகள் மூன்றே நாளில் உடைகின்றன. பெரும்பாலானவை ஒரு மாதத்துக்குள் உடைந்துவிடுகின்றன. ஆனால் 72 நாட்கள் வரை தாமதித்த கூடுகளும் ஆய்வுகளில் பதிவாகியுள்ளன. ஒரே நாளில் மீனை விட்டுப் பிரிந்தவைகூட ஒரே நாளில் பொரிப்பதில்லை. குளிர்ந்த நீரிலும் ஆக்சிஜன் குறைந்த இடத்திலும் வளர்ச்சியை நிறுத்திக் காத்திருக்கவும் இக்கூடுகளால் முடியும். ஒரு தலைமுறை அழிந்தாலும் இன்னொன்று மிஞ்சும்படி, தன் வாரிசுகளின் பிறந்தநாளைச் சிதறவிட்டிருக்கும் உயிரி இது.

மீனுக்குள் இருக்கும்போது திசு அதைக் காக்கிறது; கூட்டுக்குள் இருக்கும்போது கூட்டின் சுவர் காக்கிறது. மருந்துக்கு முன்னால் அது வெற்றுடம்போடு நிற்பது நீந்தும் பருவத்தில் மட்டுமே. ஆகவே இந்த நோய்க்கான மருந்து எதுவாயினும், புள்ளியைக் கொல்வது அதன் வேலையன்று. புதிதாகப் பொரித்து வருபவை மீனைச் சென்றடையாமல் தடுப்பதே வேலை. கடைசிக் கூடு உடையும் வரையிலோ, மீன் கூடுகளிலிருந்து பிரிக்கப்படும் வரையிலோ அந்தத் தடுப்பு ஒரு நாள்கூட இடைவெளியின்றி நீடிக்க வேண்டும். சுத்தம் செய்யும் இறால்களும் மீன்களும் புள்ளிகளைக் கொத்தித் தின்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ஒட்டுண்ணி தோலுக்கு அடியில் இருப்பதால் அவற்றுக்கு எட்டாது. புறஊதா விளக்கும் அப்படித்தான்: குழாய் வழியே கடந்து செல்லும் நீரில் உள்ளவற்றை அது கொல்லும், பாறையின் மறுபக்கத்தில் பொரித்து அருகிலேயே உறங்கும் மீனைப் பற்றிக்கொள்பவற்றை அது பார்ப்பதேயில்லை. பூண்டுச் சாறு கலந்த இரை மீனின் பசியைத் தூண்டலாம், அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்ப்பதற்கு ஒன்றுமில்லை.

பிழைத்த மீனுக்கு ஓரளவு எதிர்ப்பாற்றல் உண்டாகிறது என்பது கேட்க நல்ல செய்தி. ஆனால் தொட்டி வளர்ப்பவருக்கு அதுவே கெட்ட செய்தியும் ஆகிறது. அத்தகைய மீன் செவுளில் மட்டும் சில ஒட்டுண்ணிகளைச் சுமந்துகொண்டு, உடலில் ஒரு புள்ளியும் இல்லாமல் பளபளப்பாகக் கடைத் தொட்டியில் நீந்தும். இந்தியப் பெருங்கடலைச் சேர்ந்த, கடைகளில் பவுடர் புளூ டேங் என்று விற்கப்படும் நீலநிறச் சர்ஜன் மீன் போன்ற எளிதில் தொற்றும் இனம் ஒன்று அருகில் வந்து சேரும்போதுதான் நோய் கண்ணுக்குத் தெரியும். போதாக்குறைக்கு, சில விற்பனையாளர்கள் தங்கள் தொட்டிகளில் குறைந்த அளவு செம்பை எப்போதும் கலந்து வைப்பதால் நோய் அடங்கியே இருக்கும். வீட்டுக்கு வந்தபின் வெளிப்படும். இதனால்தான் கண்ணால் பார்த்து ‘நல்ல மீன்’ என்று முடிவு செய்வதை நான் ஏற்பதில்லை. வாங்கும் ஒவ்வொரு மீனும் தனிமைத் தொட்டியைக் கடந்தே வர வேண்டும்.

தனிமைத் தொட்டி அழகாக இருக்கத் தேவையில்லை, இருக்கவும் கூடாது. அடியில் மணல் வேண்டாம், பவளப் பாறை வேண்டாம். கண்ணாடிப் பெட்டி, ஹீட்டர், ஏர் பம்ப், பஞ்சு வடிகட்டி, மீன் ஒளிந்துகொள்ள வெட்டிய பிவிசி குழாய்த் துண்டுகள் ஆகியவை போதும். மணலில் புதைந்து உறங்கும் இன மீன்களுக்கு மட்டும் ஒரு சிறு கிண்ணத்தில் சிலிக்கா மணல் வைக்கலாம். பவள மணலும் பாறையும் கால்சியம் கார்பனேட்டால் ஆனவை. அவை நீரிலுள்ள செம்பை உறிஞ்சிக்கொள்வதால் மருந்தின் அளவை நிலையாக வைக்க முடியாமல் போகும்.

அனுபவத்தில், தனிமைத் தொட்டியில் மீனைக் கொல்வது பெரும்பாலும் ஒட்டுண்ணியன்று, அமோனியா. புதிய தொட்டியில் அமோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் இன்னும் குடியேறியிருக்காது. கடல்நீரின் காரத்தன்மை, அதாவது 8.2-ஐ ஒட்டிய பிஎச் அளவு, அமோனியாவின் நச்சு வடிவத்தின் பங்கை இன்னும் கூட்டுகிறது. நோயில்லாத தொட்டி ஒன்றில் சில வாரங்கள் ஊறவைத்த பஞ்சு வடிகட்டியை முன்கூட்டியே தயாராக வைத்திருப்பதும், அமோனியா ஏறினால் மருந்தளவைச் சரிசெய்த புதிய உப்புநீரை மாற்றுவதும்தான் வழி. அமோனியாவைக் கட்டுப்படுத்தும் சில திரவங்கள் செம்பை மேலும் நச்சாக்கிவிடும் என்பதால், செம்பு இருக்கும் நீரில் அவற்றை ஊற்றக் கூடாது. மின்தடை அடிக்கடி நேரும் ஊர்களில், மருந்திட்ட சிறு தொட்டிக்கு மின்கலத்தில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றும் கட்டாயம் தேவை. செவுள் புண்பட்ட மீனால் ஆக்சிஜன் குறைவை நெடுநேரம் தாங்க இயலாது.

மருந்துகளில் மிகப் பழையதும் இன்றும் நம்பகமானதும் செம்பு. கரைந்த செம்பு அயனிகள் நீந்தும் பருவத்தைக் கொல்கின்றன. அதற்குத் தேவையான செறிவு லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம். இதற்குக் கீழே சென்றால் ஒட்டுண்ணி பிழைக்கும். மேலே சென்றால் மீனின் செவுள் பாதிக்கும். இவ்வளவு குறுகிய இடைவெளியில் நிற்க வேண்டியிருப்பதால், அளவைச் சில நாட்களில் மெல்ல ஏற்றுவதும், தரமான சோதனைக் கருவியால் நாள்தோறும் அளப்பதும் தவிர்க்க முடியாதவை. வேறு மூலக்கூறுகளுடன் பிணைக்கப்பட்ட செம்பு மருந்துகள் மீனுக்குச் சற்று மென்மையானவை. அவற்றின் சிகிச்சை அளவு பன்மடங்கு அதிகம். எனவே ஒரு வகையின் எண்ணை இன்னொன்றுக்குப் பயன்படுத்தினால் விளைவு விபரீதமாகும். சுறா, திருக்கை இனங்களுக்குச் செம்பு ஆகாது. முதுகெலும்பில்லா உயிர்களுக்கு இது கொடிய நஞ்சு. இறாலின் இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பதே செம்பு கொண்ட ஒரு புரதம்தான். அப்படியிருந்தும் நீரில் கரைந்த சிறிதளவு செம்பே இறாலைக் கொன்றுவிடும். பவளம், கடல் சாமந்தி, நத்தை ஆகியவற்றுக்கும் இதே கதிதான். மருந்தைத் தொட்டிக்குக் கொண்டுபோகாமல் மீனை மருந்துக்குக் கொண்டுவர வேண்டியிருப்பது இதனால்தான். செம்பு முழு அளவில் இருக்கும் நீரில் 14 நாட்கள் வைத்து, பின்னர் கூடுகள் இல்லாத வேறொரு தொட்டிக்கு மீனை மாற்றலாம். அதே தொட்டியில் தொடர்ந்தால் 30 நாட்கள் வைப்பது நல்லது.

செம்பு வேண்டாமென்றால் உப்பைக் குறைக்கும் வழி உண்டு. கடல் மீனின் இரத்தத்திலுள்ள உப்பு கடல்நீரில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். உட்புகும் உப்பை வெளியேற்ற அது ஓயாமல் ஆற்றலைச் செலவிடுகிறது. நீரின் ஒப்படர்த்தியை, அதாவது தூய நீரோடு ஒப்பிட்ட அடர்த்தியை, 1.025-லிருந்து 1.009-க்குக் கொண்டுவந்தால் வெளிநீரும் இரத்தமும் கிட்டத்தட்டச் சமமாகிவிடுவதால் பெரும்பாலான எலும்பு மீன்களுக்கு அது சுமையைக் குறைக்கவே செய்கிறது. ஒட்டுண்ணிக்கோ அந்த நீர் உள்ளே புகுந்து அதன் செல்லைச் சிதைக்கிறது. ஆனால் அளவீடு துல்லியமாக இருக்க வேண்டும். விலை மலிந்த ஹைட்ரோமீட்டரை நம்பக் கூடாது, சரிபார்த்த ரிஃப்ராக்டோமீட்டர் தேவை. குறைந்த உப்பிலும் தழைக்கும் கிரிப்டோகேரியான் வகைகளும் கண்டறியப்பட்டிருப்பதால் இதை மட்டுமே நம்பியிருப்பதில் எனக்குத் தயக்கம் உண்டு.

மூன்றாவது வழியில் மருந்தே இல்லை. 1980-களில் இஸ்ரேலின் எயிலாத் நகரில் இந்த ஒட்டுண்ணியை ஆராய்ந்த ஏஞ்சலோ கொலொர்னி, மீனைவிட்டுப் பிரிந்த ஒட்டுண்ணி பொரிக்கக் குறைந்தது மூன்று நாளாவது ஆகும் என்ற ஒரே உண்மையை வைத்து ஒரு முறையை வகுத்தார். மீனை 72 மணி நேரத்துக்குள் வேறொரு தூய தொட்டிக்கு மாற்றிவிட்டால், அதற்குள் உதிர்ந்தவை எல்லாம் பழைய தொட்டியில் கூடுகளாகவே நின்றுவிடும். அவை பொரிக்கும்போது அங்கே மீன் இருக்காது. இப்படி மூன்று நாளுக்கு ஒருமுறை என நான்கு முறை மாற்றினால், மீன்மேல் இருந்த கடைசி ஒட்டுண்ணியும் உதிர்ந்துவிடுகிறது. இரண்டு தொட்டிகள் போதும். காலியானதைக் கழுவி ஈரம் சிறிதும் இல்லாமல் காயவைத்தால் கூடுகள் மடிந்துவிடும். வலை, குழாய், ஹீட்டர் எதுவும் ஒரு தொட்டியிலிருந்து அடுத்ததற்கு ஈரத்தோடு போகக் கூடாது. ஒவ்வொரு முறையும் புதிய நீர் என்பதால் அமோனியாத் தொல்லையும் இல்லை. செயற்கை உப்பின் செலவும், மீனைப் பிடிக்கும் சிரமமும் உண்டு என்றாலும், எளிதில் செம்பைத் தாங்காத மீன்களுக்கு நான் இதையே முதலில் பரிந்துரைப்பேன்.

இவை எல்லாம் வெண்புள்ளிக்கான கணக்கு. மற்ற ஒட்டுண்ணிகளுக்குக் கணக்கு வேறு. அமைலூடினியம் என்னும் வெல்வெட் நோய் மெல்லிய தூசுப் படலமாகத் தெரியும், பல சமயம் தெரியும் முன்னரே செவுளை அடைத்து ஓரிரு நாளில் மீனைக் கொன்றுவிடும். அதன் ஒரு கூட்டிலிருந்து 256 வரை குஞ்சுகள் வரும். உப்பைக் குறைப்பதை அது பொருட்படுத்தாது, செம்புக்குத்தான் அடங்கும். காற்றுக் குமிழிகள் வெடிக்கும்போது தெறிக்கும் நுண்துளிகளில் ஏறி அது மூன்று மீட்டர் தொலைவு வரை பரவ முடியும் என்று சோதனையில் காட்டப்பட்டுள்ளதால், தனிமைத் தொட்டியைக் காட்சித் தொட்டிக்குப் பக்கத்திலேயே வைப்பது தனிமைப்படுத்தல் ஆகாது. கோமாளி மீன்களைத் தாக்கும் புரூக்ளினெல்லா என்னும் ஒட்டுண்ணி கூடு கட்டுவதே இல்லை. மீனின் மேலேயே பிளந்து பெருகுவதால் தொட்டி மாற்றுவதும் செம்பும் அதைத் தொடாது, ஃபார்மலின் என்னும் இரசாயனம் கலந்த நீரில் குளியல் வேண்டும். தட்டைப் புழுக்களுக்கு மருந்து பிராசிகுவான்டல். அது முட்டைகளைக் கொல்லாது என்பதால் அவை பொரித்தபின் ஏறத்தாழ ஒரு வாரத்தில் மீண்டும் ஒருமுறை கொடுக்க வேண்டியிருக்கிறது. வெப்பமும் பிஎச்சும் ஒத்த நன்னீரில் மீனை ஐந்து நிமிடம் வைத்தால் புழுக்கள் வெளுத்து உதிர்வதைக் கண்ணாலேயே காணலாம்.

மீன் தனிமைத் தொட்டியில் தேறிக்கொண்டிருக்கும்போது, நோய் வந்த காட்சித் தொட்டியில் மீன் ஒன்றும் இல்லாமல் பவளங்களும் பாறைகளும் மட்டும் இருக்க வேண்டும். கூடுகள் 72 நாட்கள் வரை தாமதிக்கலாம் என்ற பதிவை வைத்து, இந்தக் காத்திருப்பை 76 நாட்கள் என்று கணக்கிட்டார்கள். நீரை 27 டிகிரி செல்சியஸில் வைத்தால் கூடுகள் விரைந்து பொரிப்பதால் 45 நாட்கள் போதும் என்று பலர் இப்போது நடைமுறையில் கொள்கிறார்கள். அவசரமில்லாதவர் நீண்ட கணக்கையே பின்பற்றலாம். இறால், நத்தை, பவளம் ஆகியவற்றை இந்த நோய் தாக்காது. ஆனால் நத்தையின் ஓட்டிலோ பவளத் துண்டு ஒட்டியிருக்கும் கல்லிலோ ஒரு கூடு ஒட்டிக்கொண்டு வரலாம். கடையில் மீன்கள் இருந்த நீரிலிருந்து வாங்கியவை என்றால் அவற்றையும் மீனில்லாத தனித் தொட்டி ஒன்றில் அதே அளவு நாட்கள் வைத்திருக்க வேண்டும். இடையில் அந்தத் தொட்டிக்குள் ஒரே ஒரு மீன் போனாலும் நாள்கணக்கை மறுபடி முதல் நாளிலிருந்தே தொடங்க வேண்டும்.