பூத்தையல்: எம்பிராய்டரிக்கு எந்தத் தமிழ்ச்சொல்?

தலையணை உறையை மடியில் போட்டுக்கொண்டு ஊசியும் வண்ண நூலுமாக உட்கார்ந்திருப்பவரிடம் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால், "எம்பிராய்டரி" என்றுதான் பதில் வரும். அதைத் தமிழில் சொல்லச் சொன்னால் ஆளுக்கொன்று சொல்வார்கள்: பூவேலை, பூவேலைப்பாடு, பூப்பின்னல், சித்திரத்தையல், பூத்தையல். எல்லாமே புழக்கத்தில் இருப்பவைதான். ஆனால் எல்லாம் ஒரே பொருளைத் தருவன அல்ல. பொழுதுபோக்காக இந்த வேலையைச் செய்கிற எனக்கு இதில் ஒரு கட்சி உண்டு. அதை மறைக்கப்போவதில்லை.

முதலில் எம்பிராய்டரியையே பார்ப்போம். ஆங்கிலத்துக்கு இது பிரெஞ்சு வழியாக வந்த சொல். இன்றைய பிரெஞ்சிலும் இந்தக் கலைக்குப் 'புரோதரி' என்றே பெயர். அதற்கும் பின்னால் பழைய ஜெர்மானிய வேர் ஒன்று இருக்கிறது. கூர்முனை, முள் என்று பொருள்படும் சொற்களுக்கு உறவான வேர் அது. ஆக, பெயருக்கு மூலம் பூவும் இல்லை, நூலும் இல்லை. குத்துகிற முனைதான்.

இதை அறிந்தபோது எனக்கு உடனே தோன்றியது 'காலில் முள் தைத்தது' என்ற நம் வழக்கு. முள் எந்தத் துணியைத் தைத்தது? தை என்ற வினைக்குக் குத்திப் புகுதல் என்றும் பொருள். அம்பு மார்பில் தைக்கும், ஒருவர் சொன்ன சொல் மனதில் தைக்கும், ஊசி துணியில் தைக்கும். எல்லாம் ஒரே வினை. பழைய பாடல்களில் தை என்பதற்குக் கோத்தல், அணிசெய்தல் என்ற பொருள்களும் உண்டு. குத்துவதும் அழகுபடுத்துவதும் ஒரே எழுத்துக்குள் அடங்கிவிட்டன. (தை மாதத்துக்கும் இதற்கும் உறவு இல்லை, தேட வேண்டாம்.)

முனையை வைத்துப் பெயரிட்டவர்கள் வேறிடங்களிலும் உண்டு. நடு ஆசியாவின் 'சூசனி' துணிகளின் பெயர், ஊசியைக் குறிக்கும் 'சூசன்' என்ற பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது. இலத்தீனில் இந்தக் கலையை 'ஊசியால் தீட்டுவது' என்றார்கள். 'சர்தோசி'யும் பாரசீகம்தான்: சர் என்றால் பொன், தோசி என்றால் தையல். நேரே தமிழில் சொன்னால் பொற்றையல். எதிர்ப்பக்கத்தில் பஞ்சாபின் 'புல்காரி' இருக்கிறது. புல் என்றால் பூ, காரி என்றால் வேலை. சொல்லுக்குச் சொல் நம் பூவேலையேதான். செய்யும் கருவியைப் பார்த்துச் சிலர் பெயர் வைத்தார்கள், துணியில் மலர்ந்ததைப் பார்த்துச் சிலர் வைத்தார்கள். பூத்தையல் என்ற சொல்லில் இரண்டும் இருக்கின்றன. என் கட்சிக்குக் காரணம் இதுதான்.

அப்படியானால் மற்றவை? பூவேலை நல்ல சொல். ஆனால் அதன் வாசல் மிகவும் அகலம். கல்லிலும் மரத்திலும் பித்தளையிலும்கூடப் பூவேலை செய்யலாம், தறியில் நெய்யும்போதே துணியில் பூவேலை கொண்டுவரலாம். ஊசியால் செய்தது என்று அது சொல்வதில்லை. சித்திரத்தையலில் பொருட்குறை ஏதும் இல்லை. எழுதும்போது கம்பீரமாக இருக்கும், பேச்சில்தான் வராது.

பூப்பின்னலைத்தான் நான் ஏற்கமாட்டேன். பின்னுவது என்றால் இழையோடு இழை மாறிமாறிச் சேர்வது. சடை பின்னலாம், கூடை பின்னலாம், கம்பளி நூலில் சட்டை பின்னலாம். அங்கே பின்னுவதால்தான் பொருளே உண்டாகிறது. நாம் செய்வது அதுவல்ல. துணி ஏற்கெனவே இருக்கிறது. அதன் முகத்தில் ஊசி வரைகிறது. இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் உரியது என்று நினைக்க வேண்டாம். எம்பிராய்டரி என்பதன் ஆங்கில வடிவமே, பின்னுதலைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல்லின் சாயல் பட்டு மாறியது என்று சொல்லாய்வாளர்கள் கருதுகிறார்கள். பிரான்சின் பாயோ நகரத்துக்குரிய, 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த, ஏறக்குறைய 70 மீட்டர் நீளமுள்ள பாயோ சீலையை ஆங்கிலத்தில் நெசவுத் திரைச்சீலைக்குரிய 'டேபஸ்ட்ரி' என்ற பெயரால்தான் அழைக்கிறார்கள். உண்மையில் அது லினன் துணியில் கம்பளி நூலால் போட்ட பூத்தையல்.

பூத்தையலுக்கு ஒரு மறுப்பும் வரும்: பூவே இல்லாமல் கிளியையோ பெயரின் முதல் எழுத்தையோ கட்டங்களையோ தைத்தால் என்ன செய்வது? பூ என்பது இங்கே செடியில் பூப்பது மட்டுமல்ல, துணி மேல் வரும் அலங்காரம் முழுவதையும் குறிக்கும். இது புதிதும் அல்ல. பொருநராற்றுப்படையில் கரிகாலன் பொருநனுக்குத் தரும் உடை 'நோக்கு நுழைகல்லா நுண்மைய பூக்கனிந்து அரவுரி அன்ன அறுவை'. இழை ஓடும் வழியைக் கண்ணால் தொடர முடியாத நுண்மை, பூவேலைப்பாடு, பாம்புச் சட்டை போன்ற மென்மை. அது தறியில் வந்த பூவா, ஊசியில் வந்த பூவா என்று பாட்டு பிரித்துச் சொல்லவில்லை. ஆனால் அதற்குச் சற்று முன்னால், பொருநன் அதுவரை உடுத்தியிருந்த கந்தல் வருகிறது: 'வேற்றிழை நுழைந்த துன்னற் சிதாஅர்'. துன்னல் என்றாலும் தையல்தான். வேறு வேறு நூல்கள் புகுந்து ஒட்டுப்போட்ட கந்தலைக் களைந்துவிட்டுப் பூ நிறைந்த துணியைக் கொடுக்கிறான் அரசன். கிழிசலை மூடவும் ஊசி, அழகு சேர்க்கவும் ஊசி என்று தையல்காரருக்குத் தெரிந்ததை இந்த வரிகளோடு சேர்த்துப் படிக்கையில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

பூந்தையல் என்றும் எழுதலாமே என்பார்கள். இலக்கணப்படி தவறில்லை. 'பூப்பெயர் முன்இன மென்மையும் தோன்றும்' என்று நன்னூலே இடம் தருகிறது. பூந்தோட்டம், பூங்கொடி எல்லாம் அப்படி வந்தவைதான். ஆனால் தையல் என்றால் பெண் என்றும் பொருள் உண்டு. பூந்தையல் என்றதும் மலர் போன்ற பெண் ஒருத்தி எழுந்து வந்துவிடுவாள். தகரமே இருக்கட்டும்.

இனித் தலையணை உறை. தலையணை என்பது தலை, அணை இரண்டும் சேர்ந்தது. இந்த அணையைத்தான் பஞ்சணையிலும் அரியணையிலும் பார்க்கிறோம்; சாய, அமர, படுக்க மெத்தென்று இடம் தருவது. பேச்சில் அது தலகாணி, தலவாணி ஆகிவிட்டது. உறை என்றால் மேல்மூடி: வாளுறை, கையுறை, காலுறை. படுக்கையில் பார்வைக்காக மட்டும் வைக்கும் அலங்கார உறைக்கு ஆங்கிலத்தில் 'ஷாம்' என்று பெயர். போலி என்பதற்கும் அதே சொல்தான். உள்ளே இருக்கும் சாதாரணத் தலையணையைப் பகலில் மறைக்கும் வேடம் என்ற கணக்கு. நாம் அவ்வளவு கடுமையாகப் பேச வேண்டாம், அலங்கார உறை போதும்.

இந்த வேறுபாடு கையில் ஊசி இருக்கும்போது பெரிய விஷயம். அலங்கார உறை என்றால் நடுவில் எதை வேண்டுமானாலும் போடலாம். தலை வைத்துத் தூங்கும் உறையில் நடுவே முடிச்சுத் தையலை வைத்தால் காலையில் கன்னத்தில் அச்சு இருக்கும். இதழை நிரப்ப நீள நீளமாக இழுத்த நூல் மோதிரத்திலும் கம்மலிலும் மாட்டும். அதனால் திறப்பு ஓரத்தில் ஒரு பட்டையாகப் போடுவதே நல்லது. காம்புக்குக் காம்புத் தையல், கொடிக்குச் சங்கிலித் தையல். பெயரே இடத்தைச் சொல்லிவிடுகிறது. 6 இழை நூலில் 2 இழையைப் பிரித்து எடுத்தால் மெல்லிய கோடு கிடைக்கும். துணியை முதலிலேயே அலசிக் காயவைத்துவிட வேண்டும். பருத்தி பிறகு சுருங்கினால் நூல் அதே அளவு சுருங்காது, பூவைச் சுற்றித் துணி கொசுவிக்கொள்ளும். அப்புறம், துணியை விறைப்பாகப் பிடிக்கும் வளையத்தில் மாட்டும்போது மேல் துணி மட்டும்தான் உள்ளே போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நான் ஒருமுறை முழு ரோஜாவை முடித்துவிட்டுத் தலையணையை நுழைக்கப் போனேன். நுழையவில்லை. இரண்டு பக்கத்தையும் சேர்த்தே தைத்திருந்தேன்.

இந்தச் சொல்லை வினையாக எப்படிச் சொல்வது என்பது மட்டும் பாக்கி. ஆங்கிலத்தில் எம்பிராய்டரியின் வினைக்குக் கதையை மிகைப்படுத்துவது என்றும் பொருள் உண்டு. நாம் அதற்குக் கண் மூக்கு வைத்துச் சொல்வது என்போம். துணிக்குப் பூத்தைத்தேன் என்று சொல்லிப் பார்த்தேன், வாயில் ஒட்டவில்லை. பூத்தையல் போட்டேன் என்பது சரியாக வருகிறது. கோலம் போடுகிறோம், முடிச்சுப் போடுகிறோம், இதையும் போடலாம். பூவை விட்டுவிட்டு, நேற்று ராத்திரி உட்கார்ந்து முப்பது தையல் போட்டேன் என்று சொன்னால்தான், யாருக்கு அடிபட்டது என்று கேட்பார்கள்.