ஐம்பதுக்குப் பிறகு குருப்பட்டம்: முதல் சேகரத்துக்குத் தனியே அனுப்பாதீர்கள்

பள்ளிக்கூடத்திலோ வங்கியிலோ அரசு அலுவலகத்திலோ பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, ஐம்பதைத் தாண்டிய பிறகு குருப்பட்டத்துக்கு, அதாவது சபையின் குருவாக நியமனம் பெற, வருகிறவர்கள் தென்னிந்தியத் திருச்சபையில் இருக்கிறார்கள். குருவாகும் முன் முதல் படியில் இருக்கும் டீக்கன்மாரைப் பழக்கும் பொறுப்பில் உள்ள எனக்கு அவர்களைப் பற்றி ஒரு கவலை உண்டு. “உலகம் தெரிந்தவர்தானே, இவருக்கு எதற்கு இத்தனை பயிற்சி?” என்று சபையார் கேட்கிறார்கள். உலகம் தெரிந்தவருக்குத்தான் முதல் சேகரத்தில், அதாவது ஒரு குருவின் பொறுப்பில் விடப்படும் சபைகளின் தொகுதியில், துணை அதிகம் தேவைப்படுகிறது.

இளைஞர் இறையியல் கல்லூரி விடுதியில் தங்கி பி.டி. என்னும் இறையியல் பட்டப்படிப்பைப் படித்துவிடுவார். குடும்பஸ்தருக்கு அது எளிதல்ல. 1963-இல் குவாத்தமாலாவில் ஒரு பிரஸ்பிட்டேரியன் இறையியல் கல்லூரி இதற்கு ஒரு வழி கண்டது. வேலையையும் குடும்பத்தையும் விட்டுவர முடியாத சபைத் தலைவர்கள் வீட்டிலேயே படித்தார்கள். ஆசிரியர்கள் அவர்கள் இருக்கும் பகுதிக்கே போய்ச் சந்தித்தார்கள். தொலைநிலை இறையியல் கல்வி பிற நாடுகளுக்குப் பரவியது அங்கிருந்துதான். இந்த முறையில் பாடம் குறைவதில்லை. சேர்ந்து ஜெபிப்பதும், உடன் படிப்பவர் நம் பிரசங்கத்தை முகத்துக்கு நேரே திருத்துவதும்தான் குறைகின்றன. அந்தக் குறையைக் குருப்பட்டம் பெற்ற பிறகுதான் ஈடுசெய்ய முடியும். இங்கிலாந்துத் திருச்சபையில் அறுபதை நெருங்கிக் குருப்பட்டம் பெறுகிறவரும் முதலில் ஒரு மூத்த குருவின் கீழ் உதவி குருவாகவே தொடங்குகிறார்.

அதிகாரியாக இருந்து வந்த ஒரு டீக்கனுடன் ஒரு துக்க வீட்டுக்குப் போனேன். உள்ளே நுழைந்ததும் அடக்கம் எத்தனை மணிக்கு, குழி தோண்டியாயிற்றா, வெளியூரிலிருந்து யார் வர வேண்டும் என்று வரிசையாகக் கேட்டார். பத்து நிமிடத்தில் எல்லாம் ஒழுங்காயிற்று. அதுவும் வேண்டிய வேலைதான். அதற்குள் குருவுக்குத் துணையாகச் சபையில் ஊழியம் செய்யும் எங்கள் உபதேசியார் எதுவும் பேசாமல், கணவரை இழந்த அந்த அம்மாவுக்கு அருகே தரையில் உட்கார்ந்துவிட்டிருந்தார். திரும்பும் வழியில், “அந்த அம்மா உங்களிடம் என்ன சொன்னார்கள்?” என்று டீக்கனிடம் கேட்டேன். அவரிடம் பதில் இல்லை. மறுவாரம் அவராகவே அந்த வீட்டுக்குப் போய் வெகுநேரம் இருந்தார். கணவரும் அவருடைய தம்பியும் பேசாமலிருந்த வருத்தத்தை அந்த அம்மா அவரிடம்தான் முதலில் சொன்னார்கள். உடன் ஆள் இல்லாதிருந்தால் அந்தக் கேள்வியை அவரிடம் யார் கேட்டிருப்பார்கள்?

சேகரக் கமிட்டியிலோ அந்த டீக்கனுக்கு நிகர் யாருமில்லை. வரவு செலவுக் கணக்கில் அவர் காட்டிய தெளிவு எனக்கே பயன்பட்டது.

இப்படிக் குருப்பட்டத்துக்கு வருகிறவரின் மனைவியின் நிலையை யாரும் விசாரிப்பதில்லை. நேற்றுவரை தமக்கென்று ஒரு வேலையும் பெயரும் இருந்தவரை ஊரே ‘ஐயரம்மா’ (குருவின் மனைவி) என்று அழைத்து, பெண்கள் ஐக்கியச் சங்கத்தையும் ஒப்படைத்துவிடுகிறது. அவர் விரும்பினால் ஏற்கட்டும். பேராயரைச் சந்திக்கப் போகும் முன்பே கணவனும் மனைவியும் இதைப் பேசி முடித்துவிட வேண்டும்.

பட்டத்துக்குப் போகிறவர்கள் மூன்று விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: எந்த மூத்த குருவின் கீழ் இருப்பேன், வாரம் ஒருமுறையாவது அவருடன் உட்கார்ந்து பேச நேரம் உண்டா, எவ்வளவு காலத்துக்கு? ஆள் பற்றாக்குறையைக் காட்டி உடனே தனிச் சேகரம் தருவதாகச் சொன்னால், பக்கத்துச் சேகரத்து மூத்த குரு ஒருவரையாவது வழிகாட்டியாக எழுத்து மூலம் நியமிக்கும்படி பேராயரிடம் பணிவோடு கேளுங்கள்.