புற்றுநோய் வைத்தியத்துக்குக் காப்பீட்டு அட்டை: ராமநாதபுரம் கடற்கரைக்காரர்களுக்கு

2022 மார்ச்சில் அரிச்சல்முனைக்கு அப்பால் மணல் தீடையில் வந்து இறங்கிய இலங்கைக் குடும்பங்களை நம் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பொருளாதார நெருக்கடிதான் அவர்களை விரட்டியது. இலங்கையில் அரசு ஆஸ்பத்திரியில் புற்றுநோய் வைத்தியம் இலவசம்தான். ஆனால் அப்போது மருந்து இறக்குமதி செய்ய நாட்டின் கையில் டாலர் இல்லாமல் போனது. கொழும்புக்குப் பக்கத்தில் மகரகமையில் இருக்கும் பெரிய புற்றுநோய் மருத்துவமனையிலேயே மருந்துத் தட்டுப்பாடு வந்தது. நம் பக்கம் மருந்தும் இருக்கிறது, அதற்குப் பணம் கட்டத் திட்டமும் இருக்கிறது. பலர் தடுக்கி விழுவது காகிதத்தில்தான்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை செலவை அரசு ஏற்கிறது. அறுவை சிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு மூன்றும் இதில் அடங்கும். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். முகாம்களில் பதிவு பெற்று வாழும் இலங்கைத் தமிழர்களுக்கு இந்த வருமான வரம்பு கிடையாது. மண்டபம் முகாமில் இருப்பவர்கள் முதலில் முகாம் அலுவலகத்தில் கேட்பது நல்லது.

அட்டை எடுக்க கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோடு பட்டணம்காத்தானில் உள்ள ஆட்சியர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். போவதற்கு முன் ஒன்றைப் பாருங்கள்: நோயாளியின் பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறதா? அம்மா மூத்த மகன் வீட்டுக் கார்டில் இருப்பார், அவரைப் பார்த்துக்கொள்வதோ இளைய மகனாக இருக்கும். அப்போது அம்மாவுக்கு மூத்தவர் குடும்பத்தின் அட்டைதான் செல்லும். கல்யாணமாகிப் போன மகளின் பெயர் பிறந்த வீட்டுக் கார்டிலேயே கிடப்பதும் உண்டு. நோய் தெரிந்த பிறகு இதையெல்லாம் திருத்த அலைவது பெரிய கொடுமை. உடம்பு நன்றாக இருக்கும்போதே எடுத்து வைத்துவிடுங்கள்.

இன்னொன்று, இது பணம் கட்டிவிட்டு அப்புறம் திரும்ப வாங்கும் திட்டம் இல்லை. திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையில், சேரும்போதே அட்டையைக் காட்ட வேண்டும். அவர்கள் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதி, அனுமதி வந்ததும் சிகிச்சை தொடங்கும். பதற்றத்தில் நகையை வைத்து முன்பணம் கட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பணம் அவர்களுக்குத் திரும்பவில்லை. அரசு மருத்துவமனையில் அட்டை இல்லாமலும் வைத்தியம் பார்ப்பார்கள். அதனால் அட்டை இன்னும் வரவில்லையே என்று வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டாம்.

நம் பக்கத்துக்காரர்கள் பெரும்பாலும் போவது மதுரைக்கு. அரசு ராஜாஜி மருத்துவமனையும், கதிர்வீச்சுக்குப் பாலரெங்காபுரம் புற்றுநோய் மையமும் அங்கே இருக்கின்றன. என்னைக் கேட்டால், அட்டை தாங்காத செலவு இங்கேதான் ஆரம்பிக்கிறது. கதிர்வீச்சு என்றால் பல நேரம் வாரம் ஐந்து நாள், ஐந்தாறு வாரம். ராமேஸ்வரத்திலிருந்து தினமும் போய்வர முடியுமா? தங்க வேண்டும், சாப்பிட வேண்டும், கூட இருப்பவருக்குக் கடல் வேலை போகும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான மீன்பிடித் தடைக்காலத்தில் சிகிச்சை விழுந்தால் ஆள் துணைக்கு இருப்பார், ஆனால் அந்த 61 நாளுக்கும் கையில் வருவது 8,000 ரூபாய் நிவாரணம்தான்.

இதில் கொஞ்சம் கைகொடுப்பது ரயில் சலுகை. சிகிச்சைக்கோ பரிசோதனைக்கோ போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் அடிப்படைக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி, துணைக்குப் போகும் ஒருவருக்கு 75 சதவீதம். இதற்கென்று ரயில்வே படிவம் ஒன்று உண்டு. டாக்டரிடம் கையெழுத்தும் மருத்துவமனை முத்திரையும் வாங்கி டிக்கெட் கவுண்டரில் கொடுக்க வேண்டும். முதல் தடவை மதுரைக்குப் போகும்போதே அதைக் கேட்டு வாங்கி வாருங்கள்.

காப்பீட்டுச் சந்தேகங்களுக்குக் கட்டணமில்லா எண் 1800 425 3993.