கையெழுத்துக்கு முன் ஒரு வாரம் கேளுங்கள்

ஜூலை மாதம் வந்துவிட்டால் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் என் தொலைபேசி ஓயாது. 1979 முதல் நடந்துவரும் டர்பன் சர்வதேசத் திரைப்பட விழாவும், 2010இல் தொடங்கிய டர்பன் ஃபிலிம்மார்ட் சந்தையும் கூடும் காலம் அது. திரைப்பட ஒப்பந்தங்களைப் படித்துச் சொல்வது என் தொழில். சென்ற ஆண்டு அப்படியொரு காலையில், இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் டர்பன் புறநகரான சாட்ஸ்வர்த்தைச் சேர்ந்த இளம் பெண் இயக்குநர் ஒருவர் மூச்சிரைக்க வந்து நின்றார். தன் பாட்டியையும், மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயிலில் பெரிய வெள்ளியன்று கூடும் கூட்டத்தையும் வைத்து ஆவணப்படம் ஒன்றை முடித்திருந்தார்.

"அக்கா, ஐரோப்பாவிலிருந்து ஒரு விற்பனை நிறுவனம் எழுதியிருக்கிறது. அவர்களுடைய படங்கள் கேன், பெர்லின், லொக்கார்னோ என எல்லா விழாக்களுக்கும் போயிருக்கின்றன. நாளைக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல்கிறார்கள்."

"ஒரு வாரம் வேண்டும் என்று எழுதும்மா. உன் படத்தை உண்மையாகவே விரும்புகிறவர்கள் ஒரு வாரம் பொறுப்பார்கள்" என்றேன்.

அவருடைய மகிழ்ச்சியை நான் குறைத்து மதிக்கவில்லை. நம்மைப் போன்ற சிறிய இடத்துப் படத்துக்கு, அதன் உரிமையை நாடு நாடாக விநியோகஸ்தர்களிடம் விற்றுத்தரும் நல்ல விற்பனை நிறுவனம் கிடைப்பது பெரிய பேறு. இதை நான் வலியுறுத்திச் சொல்லக் காரணம், விழாவுக்குப் படத்தை அனுப்பினால் போதும், தரம் இருந்தால் உலகம் தேடி வரும் என்று இங்கே பலர் நம்புவதுதான். பாயல் கபாடியாவின் 'ஆல் வி இமாஜின் ஆஸ் லைட்' முப்பது ஆண்டுகளுக்குப் பின் கேன் போட்டிப் பிரிவுக்குள் நுழைந்த இந்தியப் படம். 2024இல் அங்கே இரண்டாவது பெரிய விருதான கிராண்ட் பிரி வென்றது. அதன் உலக விற்பனையைப் பார்த்துக்கொண்டது பாரீஸிலுள்ள லக்ஸ்பாக்ஸ் என்ற சிறிய சுயாதீன நிறுவனம். வட அமெரிக்க உரிமையை சைட்ஷோவும் ஜானஸ் ஃபிலிம்ஸும் வாங்கின. நம் நாட்டு 'இன்க்ஸேபா' 2017இல் அமெரிக்காவின் சன்டான்ஸ் விழாவிலும் பெர்லினிலும் திரையிடப்பட்டபோது அதை விற்றது பிரமிட் இன்டர்நேஷனல் என்ற பிரெஞ்சு நிறுவனம். படம் பேசியது கோஸா மொழியில், களம் ஈஸ்டர்ன் கேப் மலைப்பகுதி. ஆனாலும் அமெரிக்கத் திரையரங்குவரை போனது.

இத்தகைய நிறுவனங்கள் எப்படி வெல்கின்றன? ஆண்டுக்குச் சில படங்களை மட்டும் எடுத்துக்கொள்கின்றன. எந்த விழாவின் தேர்வாளருக்கு எந்த வகைப் படம் பிடிக்கும் என்று பல ஆண்டுப் பழக்கத்தில் அறிந்து வைத்திருக்கின்றன. பெர்லினில் பிப்ரவரியிலும் கேனில் மே மாதத்திலும் விழாவோடு சேர்ந்தே பட உரிமைகளை விற்று வாங்கும் சந்தையும் நடக்கிறது. திரையிடல் முடிந்து, விமர்சனம் வெளியான சூட்டிலேயே விநியோகஸ்தர்களை உட்காரவைத்துப் பேச அவர்களால் முடியும். அந்த இரண்டு மூன்று நாட்கள் தவறினால் பிறகு அதே படத்துக்குப் பாதி விலைகூடக் கிடைப்பது கடினம்.

ஆகவே முதல் திரையிடலை எங்கே நடத்துவது என்பதே அவர்கள் கையிலுள்ள பெரிய சொத்து. அதை நாம் அறியாமல் செலவழித்துவிடுகிறோம். கேன், வெனிஸ் போட்டிப் பிரிவுகள் உலகில் முதன்முறை காட்டப்படும் படத்தையே கேட்பது நடைமுறை. பெர்லின் போட்டிக்கும் வேறு நாட்டு விழாக்களில் காட்டாத படம் வேண்டும். இணையத்தில் முழுப் படத்தையும் போட்டுவிட்டால் இந்தக் கதவுகள் அடைபட்டுவிடும். ஊர்க்காரர்கள் ஆசைப்படுகிறார்கள் என்று யூடியூபில் ஏற்றிவிட்டு, பிறகு என்னிடம் வந்து கண்கலங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். குடும்பத்துக்கும் படத்தில் நடித்தவர்களுக்கும் மூடிய அறையில் போட்டுக் காட்டுங்கள். சுவரொட்டி ஒட்டி, டிக்கெட் விற்றுச் செய்யாதீர்கள்.

எல்லாப் படத்துக்கும் இந்த வழிதான் என்று சொல்லமாட்டேன். சாட்ஸ்வர்த்தைக் களமாகக் கொண்ட 'கீப்பிங் அப் வித் த கந்தசாமீஸ்' 2017இல் உள்நாட்டுத் திரையரங்குகளிலேயே பெரிய வெற்றி கண்டது. அதன் பார்வையாளர்கள் பக்கத்துத் தெருவில் இருந்தார்கள். உங்கள் படத்தின் பார்வையாளர் யார் என்று முதலில் நீங்கள் முடிவு செய்ய வேண்டும்.

இனி ஒப்பந்தத்துக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் இன்னொரு இயக்குநர், எல்லாம் கையெழுத்தாகிப் பல காலம் கழித்து, என்னிடம் வந்தார். அவர் படம் இருபதுக்கு மேற்பட்ட விழாக்களில் ஓடியிருந்தது. சுவரொட்டியில் விழாக்களில் தேர்வானதைக் காட்டும் இலை முத்திரைகள் வரிசையாக நின்றன. விற்ற நிறுவனமும் நல்ல பெயர் பெற்றதுதான். இயக்குநர் கைக்கு ஒரு ரேண்டும் வரவில்லை. ஏமாற்று எதுவும் நடக்கவில்லை, கணக்கு சரியாகவே இருந்தது. அதுதான் என்னை அதிகம் வருத்தியது.

அந்தக் கணக்கு எப்படி ஓடுகிறது என்று கற்பனை எண்களை வைத்துச் சொல்கிறேன். மூன்று நாடுகளுக்கு விற்றதில் 40,000 யூரோ வந்தது என்று வையுங்கள். கமிஷன் 25 சதவீதம் என்றால் 10,000 போய்விடும். சந்தைச் செலவு, அதாவது சுவரொட்டி, விளம்பரம், திரையிடல் வாடகை, பத்திரிகைத் தொடர்பாளர் ஊதியம் எல்லாம் சேர்ந்து 25,000. வாங்குபவருக்குக் கொடுக்க வேண்டிய டிஜிட்டல் பிரதி, வசன வரி, வசனம் நீக்கிய தனி ஒலித்தடம் ஆகியவற்றுக்கு 5,000. மீதி பூஜ்யம். செலவுக்கு உச்சவரம்பு போடாத ஒப்பந்தத்தில் அந்த 25,000 எதுவரை வளரும் என்பதை நீங்கள் தீர்மானிக்க முடியாது. உச்சவரம்பை எண்ணால் எழுதச் சொல்லுங்கள். அதைத் தாண்டும் ஒவ்வொரு செலவுக்கும் உங்கள் எழுத்துமூலமான ஒப்புதல் வேண்டும். நிறுவனத்தின் அலுவலக வாடகையும், அதன் எல்லாப் படங்களுக்குமாக எடுத்த சந்தைக் கடையின் முழுச் செலவும் உங்கள் ஒரு படத்தின் தலையில் விழக்கூடாது. அவர்களுடைய மற்றப் படத்தின் நட்டத்தை உங்கள் வருமானத்தில் ஈடுகட்டும் வரி எங்காவது இருந்தால் அதை அடித்துவிடுங்கள். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

அந்த இயக்குநரின் ஒப்பந்தம் பதினைந்து ஆண்டுகளுக்கானது. இரண்டு ஆண்டுகளில் நிறுவனம் அவர் படத்தை மறந்துவிட்டது. புதிய விழா, புதிய படங்கள். உரிமையைத் திரும்பப் பெற வழியே எழுதப்படவில்லை. குறைந்த காலம் கேளுங்கள். குறிப்பிட்ட மாதங்களுக்குள் இத்தனை விற்பனை நடக்காவிட்டால், அல்லது நிறுவனம் நொடித்துப்போனால், உரிமை தானாகவே உங்களிடம் திரும்பட்டும். கணக்கைத் தணிக்கை செய்யும் உரிமையும் எழுத்தில் இருக்கட்டும். ஏற்கெனவே அவர்களிடம் படம் கொடுத்த மூன்று இயக்குநர்களுக்கு நேரடியாக எழுதி, விற்பனைக் கணக்கு அறிக்கை உரிய காலத்தில் வருகிறதா என்று கேளுங்கள். பதில் பெரும்பாலும் வெளிப்படையாகவே வரும்.

சாட்ஸ்வர்த் பெண்ணிடம் திரும்புகிறேன். ஒப்பந்தத்தில் எட்டு இடங்களைத் திருத்தி அனுப்பினோம். நிறுவனம் ஐந்தை ஒரே மூச்சில் ஏற்றது. இரண்டு நாள் வாதாடி, காலத்தை ஏழு ஆண்டாகக் குறைத்தது. அவர்கள் நேர்மையானவர்கள் என்பதில் எனக்கு நிறைவு. தடை நம் பக்கத்தில் இருந்தது. படம் முழுவதும் உங்களுடையது என்பதற்கான ஆவணங்களைக் காட்டுங்கள் என்று அவர்கள் கேட்டார்கள்.

தென்னாப்பிரிக்காவின் 1978ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தில் நம்மவர் அதிகம் இடறும் இரண்டு பிரிவுகள் உண்டு. பதிப்புரிமையை இன்னொருவருக்கு மாற்றிக்கொடுப்பதானால் அது எழுத்தில், கொடுப்பவர் கையொப்பத்தோடு இருக்க வேண்டும், வாய்ச்சொல் செல்லாது. இது 22ஆம் பிரிவு. பணம் கொடுத்து ஒருவர் படமெடுக்கச் சொன்னால், வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாதவரை, உரிமை பணம் கொடுத்தவருக்கு என்கிறது 21ஆம் பிரிவு. ஒரு சங்கம் நன்கொடை கொடுத்து, "எங்கள் கோயிலைப் படமெடுங்கள்" என்று சொல்லியிருந்தால் படம் யாருடையது என்ற கேள்வி எழும். அந்தப் பெண்ணுக்கும் எழுந்தது. அறங்காவலர்கள் பெருந்தன்மையோடு ஒரே கூட்டத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்தார்கள்.

கடினமாக இருந்தது இசை. பாட்டி கூழ் காய்ச்சும் காட்சியில் பின்னால் வானொலியில் ஒரு பழைய திரைப்பாடல் கேட்கிறது. பதினோரு விநாடிகள். இயக்குநருக்கு அதுவே படத்தின் உயிர். ஆனால் மெட்டுக்கும் வரிகளுக்கும் ஒரு உரிமை, ஒலிப்பதிவுக்கு வேறொரு உரிமை. இரண்டும் சென்னையில் வெவ்வேறு கைகளில் இருந்தன. அவர்கள் கேட்ட தொகை படத்தின் செலவில் பாதிக்கு மேல். கோயிலில் பாடப்படும் தேவாரம் பழைமையானது, அதன் வரிகளுக்கு யாரும் காசு கேட்க முடியாது. ஆனால் அதைப் பாடி ஒருவர் வெளியிட்ட ஒலிப்பதிவு அப்படியல்ல. இறுதியில் பாட்டியே மெல்ல முனகிப் பாடிய தேவார வரிகளை இயக்குநர் அந்த இடத்தில் வைத்தார். எனக்கு அந்தக் காட்சி முன்பைவிடப் பிடித்திருக்கிறது.

ஊர்வலத்தில் நாகஸ்வரம் வாசித்த முதியவரின் ஒப்புதல் மட்டும் பாக்கி. அவர் டோங்காட்டில் இருக்கிறார், தொலைபேசியில் பேச்சு சரியாகக் கேட்பதில்லை. படிவத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அடித்துக் கொடுத்தேன். அன்று மாலையே இயக்குநர் தன் பாட்டியையும் காரில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டுவிட்டார்.